மேற்குக் கோடியில் ஒரு குடலை இட்லி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பே தெரு வேலையில் இறங்கிவிடுகிறது. புத்தேரி தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குள் நான் நுழைந்தபோது, மயில்கழுத்து நிறத்தில் பட்டு நூல் பாவு ஒன்றை வீடுகளின் வாசல் நெடுக இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்த இழைகளைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போட்டபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் தாமாகவே இறங்கி, சுவர் ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். அரிசிக் கஞ்சி போட்ட பாவு, வெயில் சுள்ளென்று அடிப்பதற்குள் பதமாக உலர வேண்டும். அதனால் யாரும் நின்று பேசவில்லை. கையும் வாயும் சேர்ந்தே வேலை செய்தன.

நான் பட்டு பார்க்க வரவில்லை. குடலை இட்லி தேடி வந்திருந்தேன்.

"ஐயா, இந்தப் பக்கம் குடலை இட்லி எங்க கெடைக்கும்?"

பாவின் முனையில் நின்ற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடலை இட்லியா? அதுக்கு நீங்க வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இல்ல போவணும். அது அந்தக் கோடி, இது இந்தக் கோடி."

அவர் சொன்னது சரிதான். காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரம் பிள்ளையார்பாளையம். இன்னும் கொஞ்சம் மேற்கே நடந்தால், ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கைலாசநாதர் கோயில் வந்துவிடும். அதைத் தாண்டினால் ஊரே முடிந்துபோகிறது. வரதராஜப் பெருமாள் கோயிலோ தென்கிழக்கே சின்னக் காஞ்சிபுரத்தில், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் விஷ்ணு காஞ்சி, இந்தப் பக்கம் சிவ காஞ்சி. காஞ்சிபுரம் இட்லி என்று உலகம் பெயர் வைத்திருப்பது அந்தக் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குப் படைக்கிற இட்லிக்குத்தான். அங்கே கிடைப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கோயிலை விட்டு விலகி, எதிர்க்கோடியில் உள்ள நெசவுத் தெருக்களில் அதே பக்குவத்தில் யாராவது செய்கிறார்களா என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்பினேன். ஒரு பண்டம் தான் பிறந்த வாசலில் நன்றாக இருப்பது இயல்பு. வாசலைத் தாண்டியும் நன்றாக இருந்தால், அங்கே யாரோ ஒருவர் அதற்காக உழைக்கிறார் என்று அர்த்தம்.

கோயில் இட்லியைச் சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் தட்டில் வார்க்கும் வட்ட இட்லிக்கும் அதற்கும் தோற்றத்தில் உறவே இல்லை. மூங்கிலில் முடைந்த நீளமான கூடைதான் குடலை. அதன் உட்புறம் முழுக்க மந்தாரை இலையை அடுக்குவார்கள். பச்சரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, விழுதாக இல்லாமல் ரவைப் பதத்துக்குக் கொரகொரவென்று அரைத்து, இரவு முழுக்கப் புளிக்க வைத்த மாவை அதில் ஊற்றுவார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், நல்லெண்ணெய் எல்லாம் மாவிலேயே கலந்திருக்கும். பிறகு அண்டாவில் வைத்து மூடி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் குடலையைக் கவிழ்த்து, இலையை உரித்து, உருளையைத் துண்டு போடுவார்கள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பச்சரிசி, ஏனென்றால் முன்பே ஒருமுறை அவிந்த புழுங்கலரிசியைக் கோயில் மடப்பள்ளிகளில் நைவேத்தியத்துக்குச் சேர்ப்பதில்லை. மிளகு, ஏனென்றால் மிளகாய் போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த சரக்கு. பழைய முறையைக் கைவிடாத மடப்பள்ளிகளில் அதற்கு இடமில்லை. சுக்கும் சீரகமும் செரிமானத்துக்கு. நெய்யும் எண்ணெயும் இட்லி வறண்டுபோகாமல் காக்கும். அதனால் கட்டுச்சோறுபோல வழிப்பயணத்துக்கு எடுத்துப் போகலாம், மறுநாளும் கெடாது. குடலையின் காரணம் இவற்றைவிடவும் நுட்பமானது. அவ்வளவு கனமான மாவை மூடிய பாத்திரத்தில் ஊற்றினால் ஓரம் வெந்து நடுப்பகுதி பச்சையாக நின்றுவிடும். மூங்கில் இடுக்குகளின் வழியே ஆவி நாலாபுறமும் உள்ளே ஏறுகிறது; அதிகப்படி நீர் வடிந்தும் போகிறது. இலை மாவு ஒழுகாமல் தாங்கிக்கொள்கிறது, தன் வாசனையையும் தருகிறது. இவ்வளவு இருந்தும் நடுவரை வேக மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தைக் குறைக்க வழி கிடையாது.

பெரியவரிடம் சொல்லிக்கொண்டு கிருஷ்ணன் தெருப் பக்கம் நடந்தேன். தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு மாறுகிறது. சில வீடுகளில் இன்னும் மண்ணில் பள்ளம் தோண்டிய குழித்தறிதான். கால் மிதிக்கும்போது அந்தச் சத்தம் கொஞ்சம் அமுங்கிக் கேட்கிறது. சில வீடுகளில் சத்தமே இல்லை. தறி இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

தெரு முனையில் ஒரு டிபன் கடை. பலகையில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து உட்கார்ந்தேன். வாழையிலைத் துண்டில் வந்தது டம்ளரில் வேகவைத்து எடுத்த ஓர் இட்லி. கடுகு தாளித்து, கடலைப்பருப்பும் முந்திரியும் போட்டிருந்தார்கள். மஞ்சள் நிறம் கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. சூடாக இருந்தது, மெதுவாக இருந்தது, சாம்பாரும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் மாவு மைய அரைத்த மாவு. வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது. மிளகின் காரம் தாளிப்போடு நின்றுவிட்டது, மாவுக்குள் இறங்கவில்லை. தாளித்த இட்லி என்று பெயர் வைத்திருந்தால் நான் மனம் நிறைந்து பாராட்டியிருப்பேன்.

கடைக்காரரிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"குடலையில வச்சா மூணு மணி நேரம் அடுப்பு எரியணும் சார். கேஸ் கட்டுப்படி ஆவாது. எட்டு மணிக்கு வர்றவரு எட்டேகாலுக்குத் தறியில ஒக்காரணும். அவருக்கு இதுதான் சரி."

அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் ஒரு பெரிய உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். ஒரு பண்டம் ஊரை விட்டு ஊர் போகும்போது முதலில் போய்ச் சேர்வது அதன் பெயர். பின்னாலேயே சாமான்கள் போய்விடும். மிளகும் சீரகமும் எங்கேயும் கிடைக்கும். எது போவதில்லை என்றால், அதைச் செய்ய ஆகிற நேரம். அதிக நேரம் பிடிக்கும் வேலை எதுவோ அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

உலகம் முழுக்க இதுவே கதை. நியூயார்க்கில் பேகல் என்று ஒரு வளைய ரொட்டி உண்டு. போலந்து முதலான கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள் அங்கே கொண்டுபோனது. பிசைந்த மாவை வளையமாக்கி, முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, அதற்குப் பிறகே அடுப்பில் சுடுவார்கள். மேலே பளபளப்பும் உள்ளே இழுத்துக் கடிக்கும் பதமும் அந்தக் கொதிநீரால் வருகிறவை. அங்கே பேகல் சுடுகிறவர்களுக்கு 'லோக்கல் 338' என்று ஒரு தொழிற்சங்கம் இருந்தது. சுமார் 300 பேர்தான் உறுப்பினர்கள். யூதர்களின் இத்திஷ் மொழி பேசுகிறவர்கள். அப்பனுக்குப் பிறகு பிள்ளை என்று வேலை இறங்கிவரும். வெளியாள் எளிதில் நுழைய முடியாது. 1960களில் பேகல் உருட்டும் இயந்திரம் வந்தது. உறைய வைத்த பேகல் பெட்டியில் ஏறி நாடெங்கும் போனது. சங்கத்தின் பிடி தளர்ந்தது. பெரிய ஆலைகள் பலவற்றில் கொதிநீர் வேலையை எடுத்துவிட்டு, அடுப்புக்குள்ளேயே ஆவி பாய்ச்சி முடித்துவிடுகிறார்கள். பார்வைக்குப் பேகல்தான், கடித்தால் ஓட்டை போட்ட பன். ஆகவே நியூயார்க்கை விட்டுத் தொலைவில் நல்ல பேகல் கடை தேடுகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, இங்கே வேகவைத்துச் சுடுகிறீர்களா என்பதே. அந்த ஊர்த் தண்ணீரில்தான் ருசி இருக்கிறது என்றும் சிலர் சொல்வார்கள். நம்மூரிலும் கோயில் இட்லி ருசிக்குக் கோயில் கிணற்றுத் தண்ணீரைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. தண்ணீருக்குப் பங்கு இருக்கலாம். எனக்குத் தண்ணீரைவிடப் பொறுமையில்தான் நம்பிக்கை.

ஊர் மாறியும் ருசி மாறாத உணவும் இருக்கிறது. அதற்கு நியூயார்க் வரை போக வேண்டியதில்லை, சென்னை கடற்கரை ரயில் நிலையம் வரை போனால் போதும். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். அவர்களோடு வந்தவைதான் அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் உணவுகள். பர்மா பஜாரைச் சுற்றிய தள்ளுவண்டிகளில் இன்றைக்கும் மாலையானால் நூடுல்ஸைக் கையாலேயே கிளறி, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துத் தருகிறார்கள். அங்கே இடம் மாறியது வெறும் பெயர் இல்லை. செய்யத் தெரிந்த கைகளே கப்பலேறி வந்தன.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தபோது ஒரு வீட்டில் தறி ஓடுவதைப் பார்த்துத் திண்ணையில் நின்றேன். "உள்ள வாங்க சார், நின்னுக்கினே பாக்குறீங்க" என்று வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். அவர் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் குழித்தறியில் அமர்ந்து, அரக்குக் கரையும் பச்சை உடலுமாக ஒரு சேலை நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் மகன் ஊடை எனப்படும் குறுக்கு நூலை ஓட்டும் கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தான். இதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு ஒவ்வொரு நாடா என்று மூன்று நாடா ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்துக்கொள்ளும். ஒருவரால் தனியாகச் செய்ய முடியாது. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக, ஒரு நூல்கூட ஒன்றுக்குள் ஒன்று கலக்காமல் நிற்பது இதனால்தான்.

நான் இட்லி தேடி வந்த கதையைச் சொன்னதும் கணவர் நாடாவை நிறுத்தினார்.

"எங்க பொழப்பும் அதே கதைதான் சார். விசைத்தறியில ஓட்டினவன் மொதல்ல எதை எடுத்தான்? கோர்வையைத்தான் எடுத்தான். அதுக்குத்தான் ரெண்டாவது ஆள் வேணும், அதுலதான் நாள் போவுது. அதை எடுத்துட்டா ரெண்டு நாள்ல சேலை. பேரு மட்டும் காஞ்சிபுரம்."

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985இலேயே வந்துவிட்டது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் கடையில் நிற்கிற வாங்குபவருக்குக் கோர்வை இருக்கிறதா என்று சேலையைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை என்பது அவருடைய வருத்தம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பெயரைச் சட்டம் காப்பாற்றலாம். கோர்வையைக் கேட்டு வாங்குகிற கண்ணைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது.

"குடலை இட்லின்னா ரெண்டு தெரு தள்ளி ஓர் ஆயா இருக்காங்க" என்றார் அந்த அம்மா, தாரை நிறுத்தாமல். "கடை கெடையாது. கல்யாணம், சீமந்தம்னு ஆர்டர் குடுத்தாத்தான். இன்னிக்கு ஏதோ சீமந்தம்னு சொன்னாங்க, போய்ப் பாருங்க."

போனேன். வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. சுக்கும் மிளகும் நெய்யும் சேர்ந்த சூடான ஆவி, அதற்குக் கீழே காய்ந்த இலை நனைந்தால் வருகிற ஒரு மண்மணம். கொல்லையில் விறகடுப்பில் அண்டா ஏறியிருந்தது. மூடிமேல் ஈரத்துணி சுற்றி, அதன்மேல் அம்மிக்குழவியைப் பாரமாக வைத்திருந்தார்கள். ஆயா முக்காலியில் உட்கார்ந்து அடுத்த குடலைக்கு இலை அடுக்கிக்கொண்டிருந்தார். காய்ந்த மந்தாரை இலைகளைத் தண்ணீரில் போட்டு எடுத்து, காம்பைக் கிள்ளி, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறும்படி, அடியிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தார். ஓர் இடத்தில் இலை கிழிந்திருந்தது. அதற்கு உள்ளே இன்னொன்றை வைத்து அடைத்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க ஆயா?"

"எங்க மாமியாரு சின்னக் காஞ்சிபுரத்துல பொறந்தவங்கப்பா. கட்டிக்குடுத்து இந்தப் பக்கம் வந்தாங்க. அவங்க கை இது."

ஆக, இங்கேயும் ஒரு கைதான் இடம் மாறி வந்திருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த தொலைவு இல்லை. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, ஒரு மருமகளாக வந்திருக்கிறது.

மாவைக் காட்டச் சொன்னேன். விரலால் தொட்டுப் பார்த்தால் ரவைபோல நெருடியது. கல்லுரல் போய் கிரைண்டர் வந்துவிட்டது, ஆனால் மாவை எப்போது எடுப்பது என்பதில் அவர் கறார். "கொஞ்சம் அசந்தா மைஞ்சிடும். மைஞ்சா களி." மிளகைப் பாதி உடைத்தும் பாதி முழுதாகவும் போடுகிறார். சுக்கை அன்றன்றைக்கு இடிக்கிறார். அவருக்கு இருக்கிற கவலை இலையும் கூடையும். மந்தாரை இலை கொண்டுவருகிறவர் முன்புபோல வருவதில்லை. குடலை முடையத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். கைவசம் உள்ள கூடைகளை ஒவ்வொரு முறையும் கழுவி, நிழலில் காயவைத்து, பரண்மேல் ஏற்றிவிடுகிறார். வெயிலில் போட்டால் மூங்கில் வெடித்துவிடுமாம்.

வெந்ததா என்று பார்க்க, நீளமான ஈர்க்கைக் குடலையின் நடுவில் அடிவரை இறக்கி எடுத்தார். மாவு ஒட்டவில்லை. குடலையை இறக்கி, சூடு கொஞ்சம் தணியும்வரை தொடவே இல்லை. பிறகு தாம்பாளத்தில் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். இலைகளை உரிக்க உரிக்க, நரம்பின் தடம் அப்படியே பதிந்த ஓர் உருளை வெளியே வந்தது. மேல்புறம் இலை பட்டுப் பழுப்பேறியிருந்தது. உள்ளே தூய வெள்ளை இல்லை, சற்றே சாம்பல் கலந்த நிறம். முழு மிளகு அங்கங்கே தெரிந்தது.

ஒரு துண்டை இலையில் வைத்து, "சட்னி எல்லாம் வேணாம், அப்படியே சாப்பிட்டுப் பாரு" என்றார்.

முதலில் தெரிந்தது கடினம். மெல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது வாயில் புளிப்பு வந்தது, அதற்குப் பிறகு சுக்கின் காரம் தொண்டையில் மெதுவாக ஏறியது. பல்லில் அகப்பட்ட மிளகு ஒன்று சட்டென்று வெடித்தது. நெய் நாக்கில் படியவில்லை, வாசனையாக மட்டும் நின்றது. நடுப்பகுதியும் ஓரமும் ஒரே பதத்தில் வெந்திருந்தன. மூன்று மணி நேரத்துக்கு அதுதான் சாட்சி. ஆறின துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சூட்டில் சாப்பிட்டதைவிட அதில் சுவை கூடியிருந்தது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். அதற்கு அவை தேவைப்படவே இல்லை.

கோயிலில் சாப்பிட்டதோடு ஒப்பிடலாமா என்றால், ஒப்பிட்டே சொல்கிறேன். கோயில் இட்லி இன்னும் கெட்டி, சுக்கின் காரம் இன்னும் தூக்கல். ஆயாவின் இட்லியில் உளுந்து கொஞ்சம் கூடுதல் என்று தோன்றியது, அதனால் கொஞ்சம் இளக்கம். என் நாக்குக்கு இது ஒரு படியும் தாழ்ந்ததில்லை. பிறந்த வாசலிலிருந்து விலகி வந்தும் நல்ல குடலை இட்லி இருக்கிறது. அது பலகை மாட்டிய கடையில் கிடைக்கவில்லை, விறகு எரியும் ஒரு கொல்லையில் கிடைத்தது.

சீமந்த வீட்டிலிருந்து ஆள் வந்து, வாழையிலையில் சுற்றிய இட்லி உருளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆயாவுக்குப் பிறகு யார் என்று கேட்டேன். மகளுக்கு முழுச் செய்முறையும் தெரியும், மகள் செங்கல்பட்டில் வேலைக்குப் போகிறார், லீவு நாளில் வந்து உதவுகிறார் என்றார். பேத்திக்கு இலை அடுக்க மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறாராம். வீட்டு முகவரியை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திடீரென்று பத்துப் பேர் வந்து நின்றால் கொடுப்பதற்கு இட்லி இருக்காது என்பதுதான் காரணம்.

பிள்ளையார்பாளையத்துக்கு வருகிறவர்கள் பலர் கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு, ஒரு பட்டுக்கடையில் ஏறி இறங்கி, வேன் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தெருக்களில் நெய்கிறவர்களிடம் விசாரித்தால் யாராவது ஒருவர் குடலை இட்லி செய்கிற வீட்டைக் காட்டுவார். போனவுடன் தட்டில் கேட்காதீர்கள். அரிசியும் உளுந்தும் ஊற ஒரு பகல், மாவு புளிக்க ஓர் இரவு, வேக மூன்று மணி நேரம் வேண்டும். விலையில் பேரம் பேசாதீர்கள். இலைக்கும் விறகுக்கும் போக அவர்கள் கையில் நிற்பது கொஞ்சம்தான். வெளியூர் ஓட்டலில் காஞ்சிபுரம் இட்லி கேட்டாலும், குடலையில் வேகவைத்ததா, எவ்வளவு நேரம் என்று பரிமாறுகிறவரிடம் ஒரு முறை கேளுங்கள். பலர் கேட்க ஆரம்பித்தால் யாராவது ஒருவர் குடலை வாங்குவார், அதை முடைகிறவருக்கும் வேலை இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் சாப்பிட வேண்டுமானால், முந்தின நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.